எண்ணெய் கண்ட ஒழுங்கையும் குவைத்தக்காவும்

எங்கள் ஒழுங்கையில், அந்தச் சிறு தெருவில், யாரிடம் எதைக் கேட்டாலும் பதில் கிடைக்கும். கூட்டுறவுச் சங்கக்கடைக்கு மா வந்துவிட்டதா, கிளாலிக் கடலேரியால் படகு ஓடுகிறதா, வானத்தில் இரைந்துகொண்டு போவது குண்டு போடுகிற வகையா சாமான் ஏற்றுகிற வகையா, எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. பெரும்பாலும் ஒன்றுக்கு இரண்டு பதில்கள். குவைத்தக்காவிடம் கேட்டால் மட்டும், கேட்டவரின் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, "தெரியாது" என்பார்.

அதில் மன்னிப்பும் இராது, வெடுக்கென்ற தன்மையும் இராது. பானையைத் திறந்து பார்த்துவிட்டு அரிசி இல்லை என்று சொல்வதைப் போலச் சொல்வார். பிறகு, நேரமிருந்தால், "பாப்பம்" என்று ஒரு சொல்லைச் சேர்ப்பார். சேர்த்துவிட்டால் கட்டாயம் பார்ப்பார்.

அவரைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்தவை அதிகமில்லை. குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்தவர். அங்கே யுத்தம் வந்தபோது ஒரு தோற்பையுடன் ஊருக்குத் திரும்பியவர். எங்கள் பாதைகளும் அதற்குள் மூடிவிட்டதால் கடைசித் தூரத்தைக் கொம்படி வெளியில் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தவர். இடது முன்கையில் இஸ்திரிக்கைப் பெட்டி சுட்ட தழும்பு இருந்தது. தேநீருக்கு ஏலக்காய் போடும் பழக்கத்தை அங்கிருந்து கொண்டுவந்து, ஏலக்காய் கிடைக்காமல் போனதும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் விட்டுவிட்டார். அரியாலையின் கிழக்குப் பக்கத்தில், கடலேரியைப் பார்த்த எங்கள் ஒழுங்கையில், எங்களுக்கு அடுத்த வளவு, வீடும் காணியும், அவருடையது. தொண்ணூற்றைந்தில் எல்லோரும் இடம்பெயர்ந்தபோது அவரும் புருஷனும் ஒரு சைக்கிளுடன் நாவற்குழிப் பாலத்தை நோக்கிப் போனதைக் கண்டேன். இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்பவர்களுக்கு அவரின் சொல்லையே சொல்லவேண்டியிருக்கிறது.

அந்தச் சொல்லால் அவருக்கு முதலில் கெட்ட பெயர்தான் வந்தது. அவர் திரும்பி வந்த கிழமையே பக்கத்து ஒழுங்கையிலிருந்து ஒரு தாய் வந்தார். அவரின் மகன் குவைத்தில் லொறி ஓட்டியவன். யுத்தம் தொடங்கிய பிறகு ஒரு கடிதமும் இல்லை.

"பிள்ளை, என்ரை மகன் சுகமாய் இருப்பானோ?"

"தெரியாது, அம்மா."

"அங்கை எங்கடை பெடியள் இருக்கிற பக்கம் ஒண்டும் நடக்கேல்லையாமே?"

"எனக்கு அந்தப் பக்கமே தெரியாது. வீட்டை விட்டு வெளியிலை விட்டதில்லை. குவைத்திலை நான் கண்டது அந்தக் குசினியும் ஒரு மொட்டைமாடியும்தான்."

அந்தத் தாய் படலையை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். ஒரு வார்த்தை ஆறுதல் சொன்னால் வாயா நோகும் என்று ஒழுங்கை முழுவதும் கதைத்தது. ஆனால் அடுத்த மாதம் அவரே திரும்பி வந்தார். பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலால் வரும்போது அக்காவின் வீட்டு விறாந்தையில் சற்று நேரம் இருந்துவிட்டுப் போவார். ஏன் வருகிறீர்கள் என்று என் அம்மா கேட்டார்.

"மற்றவை எல்லாரும் வருவான் வருவான் எண்டு சொல்லினம். அவையளிட்டைப் போனால் நான்தான் அவையைத் தேத்தவேண்டிக் கிடக்கு. இவளிட்டை அந்தக் கரைச்சல் இல்லை."

பின்னர் ஜோர்தானிலிருந்து மகனின் கடிதம் வந்தபோது, அதை வெட்டிப் பிரிக்காமலே குவைத்தக்காவிடம்தான் கொண்டுபோனார்.

இனி எண்ணெய்க்கு வருகிறேன்.

எங்கள் ஒழுங்கைக் கிணறுகளில் தண்ணீர் உவர். குளிக்கலாம், தோய்க்கலாம், குடிக்க முடியாது. நல்லதண்ணிக் கிணறு ஒன்றுதான் இருந்தது. அது மனேச்சரின் வளவில் இருந்தது. சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் எல்லோரும் அவரை அப்படித்தான் அழைத்தோம். காலையும் மாலையும் குடங்களோடு போய் அள்ளி வருவோம். அவர் ஒரு நாளும் தடுத்ததில்லை; அது அவருக்கு ஒரு பெருமை.

பொருளாதாரத் தடை இறுகிய காலம் அது. மின்சாரம் நின்றுபோயிருந்தது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது நனையுமளவு மண்ணெண்ணெய் விட்டு எரிக்கும் விளக்கில்தான் பிள்ளைகள் படித்தார்கள். தோட்டங்களுக்கு இறைக்கும் மிசின்கள் சாக்குப் போர்த்திக்கொண்டு நின்றன. ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு விடியலில் இருந்து வரிசை. அப்படியான ஒரு காலத்தில்தான் ஒரு காலை, மனேச்சரின் கிணற்றுத் தண்ணீரில் வானவில்லைப் போல ஒரு படலம் மிதந்தது. மணமும் இருந்தது.

மனேச்சர் அந்தப் படலத்தைப் பஞ்சால் ஒற்றி, பிழிந்து, ஜாம் போத்தலுக்குள் விட்டு, திரி ஏற்றினார். விளக்கு எரிந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒழுங்கை முழுவதும் அங்கே நின்றது. சாமி கும்பிடும் நேரத்து அமைதி.

"மன்னார்ப் பக்கம் ஒரு காலம் துளைச்சுப் பாத்தவங்கள்," என்றார் மனேச்சர். "அங்கை தேடினது இஞ்சை கிடந்திருக்கு."

அன்றிலிருந்து எங்கள் ஒழுங்கை ஓர் எண்ணெய் நாடாயிற்று. காணி விற்கக் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் கதையை நிறுத்தினார்கள். எல்லை வேலிகள் ஒரு சாண் இந்தப் பக்கமும் ஒரு சாண் அந்தப் பக்கமும் நகர்ந்தன. வேலிக் கதியால்களை இரவில் பிடுங்கி நட்டதைக் காலையில் கண்டு சண்டைகள் வந்தன. கடலேரியில் வலை போடுகிறவர்கள் தண்ணீரில் குமிழி வருகிறது என்றார்கள். முன்பும் வந்ததுதான், இப்போதுதான் பார்த்தார்கள். கோயிற் கூட்டத்தில் ஒருவர், கப்பல் வந்து நிற்கக் கடலேரி ஆழம் காணாது, அதை யார் தோண்டுவது என்று கேட்டார். அதற்கும் பதில் இருந்தது.

மனேச்சர் கிணற்றைத் தகரத்தால் மூடிப் பூட்டுப் போட்டார். "உது இனி எங்கடை எல்லாற்றையும் சொத்து. பிள்ளையள் வாளி போட்டுக் கலக்கக் கூடாது," என்றார். குடிதண்ணீருக்கு நாங்கள் பிரதான வீதியைக் கடந்து பள்ளிக்கூடக் கிணற்றுக்குப் போகத் தொடங்கினோம். போகக்கூடியவர்கள் போனார்கள். ஒழுங்கையின் கடைசி வீட்டில் பிள்ளை பெற்று சில மாதங்களான ஓர் இளம்பெண் தனியாக இருந்தாள். புருஷன் வன்னியில் அகப்பட்டிருந்தான். யாராவது கொண்டுவந்து கொடுத்தால் நல்ல தண்ணீர். இல்லாத நாளில் உவர்த்தண்ணீரைக் காய்ச்சி ஆற்றினாள். குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்து போய், மறுபடி வந்தது.

எண்ணெய் நாட்டுக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. மனேச்சர் நேராகக் குவைத்தக்காவிடம் வந்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை, நீ எண்ணெய் நாட்டிலை இருந்தனி. வந்து மணந்து பாத்து ஒரு சொல்லுச் சொல்லு. நாலு பேர் நம்புவினம்."

"ஐயா, குவைத்திலை நான் கண்ட எண்ணெய் தாச்சிக்கை கொதிச்ச எண்ணெய்தான். உது என்னவெண்டு எனக்குத் தெரியாது."

"அந்த வீட்டுக்காரன் எண்ணெய்க் கொம்பனியிலை பெரிய ஆள் எண்டு சொன்னியே."

"ஓம். அவருக்குச் சோறு குழைஞ்சால் பிடிக்காது. அதுதான் எனக்குத் தெரியும்."

மனேச்சர் சிரிக்கவில்லை. தெரிந்துகொண்டு ஒளிக்கிறாள், தன் வளவிலும் எண்ணெய் இருக்கிறது, அதுதான் வாய் திறக்கிறாளில்லை என்று பிறகு கதை உலாவியது. மற்றவர்களின் வாயைக் குவைத்தக்கா அடக்கப் போகவில்லை. "பாப்பம்" என்று சொல்லியிருந்தாரா என்று நினைவில்லை. அடுத்த நாள் காலை எங்கள் படலைக்கு வந்தார்.

நான் அப்போது தொழில்நுட்பக் கல்லூரியில் ஆய்வுகூடப் பயிற்சியை முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தேன்.

"பிள்ளை, நிலத்துக்குக் கீழை இருந்து வாற எண்ணெயையும் கடையிலை விக்கிற மண்ணெண்ணெயையும் வேறுபிரிக்கலாமோ?"

கொஞ்சம் பிரிக்கலாம் என்றேன். நிலத்திலிருந்து வருவதில் எத்தனையோ பொருட்கள் கலந்திருக்கும். வெயிலில் வைத்தால் இலேசானவை பறந்துவிடும், கறுத்த பிசின் அடியில் தங்கும். மண்ணெண்ணெய் வடித்தெடுத்தது, முழுவதும் பறந்துபோகும்.

"நிச்சயமோ?"

"படிச்ச அளவிலை."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்தது. முகத்தில் தெரிந்தது. "அப்ப படிச்ச அளவிலை செய்து பாப்பம்," என்றார்.

மனேச்சரிடம் கேட்டுக் கிணற்றுப் படலத்தில் கொஞ்சம் ஒற்றி எடுத்தோம். தனக்குச் சாதகமாகத்தான் முடியும் என்று அவர் தாராளமாகவே தந்தார். மூன்று பீங்கான் கோப்பைத் தட்டுகள் வைத்தேன். ஒன்றில் கிணற்று எண்ணெய். இன்னொன்றில் எங்கள் விளக்குப் போத்தலிலிருந்து எடுத்த மண்ணெண்ணெய். அம்மா அதைக் கொடுக்கும்போது நாங்கள் ஏதோ நகையைக் கேட்டதுபோலப் பார்த்தார். மூன்றாவதில், கறுப்பு எப்படித் தங்கும் என்று மற்றவர்களுக்குக் காட்ட, சைக்கிள் கடையில் வாங்கிய கழிவு ஒயில். காகம் கொத்தாமல் மீன்வலைத் துண்டால் மூடி, தோய்க்கிற கல்லின் மேல் வெயிலில் விட்டோம். அடுத்த நாள் பின்னேரம் முதல் இரண்டு தட்டுகளும் கழுவிக் கவிழ்த்தவை போல இருந்தன. மூன்றாவதில் ஒயில் அப்படியே கிடந்தது.

மனேச்சர் தட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சில இடங்களிலை சுத்தமாயே வருமாம்," என்றார்.

"வருமோ?" அக்கா என்னைக் கேட்டார்.

"நான் கேள்விப்படேல்லை."

"அப்ப யாரோ நிலத்துக்கை மண்ணெண்ணெய் தாட்டு வைச்சிருக்கினம். அது கசியுது. கிணற்றுக்கு மேட்டுப் பக்கத்திலை எங்கையோ."

எண்ணெய்ப் பீப்பாயை, பரல் என்போம், நிலத்தில் தாழ்ப்பது அப்போது புதினமில்லை. பாதை திறந்திருந்த காலத்தில் வசதியுள்ளவர்கள் வாங்கி, களவுக்கும் தீக்கும் பயந்து வளவுக்குள் குழி வெட்டிப் புதைத்திருந்தார்கள். நகையைப் புதைக்கும் ஊர். எண்ணெயையும் அப்படியே புதைத்தது. உவர் மண்ணில் இரும்பு எத்தனை காலம் நிற்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. கீழே முழுவதும் மணலும் பொந்துக் கல்லும். இந்த வளவில் ஊற்றினால் அடுத்த வளவில் ஊறும்.

அக்கா வீடு வீடாகப் போனார். படலையில் நின்று நேராகக் கேட்டார்: "உங்கடை வளவிலை பரல் தாட்டிருக்கோ? குறை நினையாதேங்கோ, கிணற்றுக்காகத்தான் கேக்கிறன்." யாராவது ஓம் என்று சொல்வார்களா? ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார். ஒருவர், குவைத்தில் வீடு கூட்டியவள் இங்கே பொலிஸ் வேலை பார்க்கிறாள் என்றார். கடைசியில் மனேச்சர், பத்துப் பேர் கேட்க, ஒழுங்கை முகப்பில் வைத்துச் சொன்னார்:

"எல்லாற்றை படலையையும் தட்டினாய். உன்ரை வளவிலை இல்லையெண்டு உனக்குத் தெரியுமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை.

"தெரியாது, ஐயா," என்றார். திரும்பி வீட்டுக்கு நடந்தார்.

நான் பின்னாலேயே போனேன். அவர் சாய்த்து வைத்திருந்த இரும்பு அலவாங்கை எடுத்து, வேலியோரத்தில் தொடங்கி, ஓரடிக்கு ஓரடி நிலத்தில் குத்திப் பார்த்துக்கொண்டு வந்தார். அவரின் புருஷன் அந்தக் காலத்தில் வான் ஓட்டியவர். பெற்றோல் இல்லாமல் வானைக் கட்டையில் ஏற்றிவிட்டு வெங்காயத் தோட்டம் செய்துகொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர். விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். அக்கா தேசிமரத்தடியைக் குத்தி முடித்து மாட்டுக்கொட்டிலின் முன்பக்கத்துக்குப் போனார்.

"அதிலை இல்லை," என்றார் புருஷன்.

அக்கா நிமிர்ந்தார்.

"வாழைக்குப் பின்னாலை. மனேச்சற்றை வேலியோடை."

அலவாங்கை நிலத்தில் ஊன்றினார். "எப்ப தாட்டனீங்கள்?" என்று கேட்டார்.

"நீ அங்கை இருக்கேக்கை. பாதை பூட்ட முதல். வெங்காயத்துக்கு இறைக்க வேணுமெண்டு."

"நான் வந்து இவ்வளவு நாள். ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ எல்லாருக்கும் சொல்லிப்போடுவாய்."

"ஓம்," என்றார் அக்கா. "சொல்லத்தான் போறன்."

புருஷன் விறாந்தையை விட்டு இறங்கி வந்தார். மெதுவாகத்தான் கதைத்தார், ஆனால் பயந்திருந்தார். "இஞ்சை, ரெண்டு நாள் பொறு. மிச்சத்தை நான் வேறை இடத்துக்கு மாத்திறன். ஒருத்தருக்கும் தெரியவராது. தெரிஞ்சால் பதுக்கினதெண்டு கொண்டுபோய் விசாரிப்பாங்கள். பிறகு இந்த ஒழுங்கையிலை ஆர் எங்களோடை முகம் குடுத்துக் கதைப்பினம்? உவை எண்ணெய் எண்டு சந்தோசமாய்த்தானே இருக்கினம்."

"கடைசி வீட்டுக் குழந்தை சந்தோசமாய் இல்லை," என்றார் அக்கா.

மறுநாள் பின்னேரம், பள்ளிக்கூடக் கிணற்றிலிருந்து பெண்கள் குடங்களோடு திரும்பும் நேரம், அவர் மனேச்சரின் கிணற்றடியில் நின்றார். எல்லோரும் வரும்வரை காத்திருந்தார்.

"இது பூமியின்ரை எண்ணெய் இல்லை. எங்கடை வளவிலை தாட்ட மண்ணெண்ணெய். பரல் அடியிலை உக்கிப் போச்சு. கிண்டிப் பாத்திட்டம். பாதிக்குக் கிட்ட இன்னும் கிடக்கு."

மனேச்சர் கிணற்றுக் கட்டில் மெல்லக் குந்தினார். அவரின் முகத்தை நான் பார்க்க விரும்பவில்லை. நடந்தது வேறொருவரின் வீட்டில் என்றாலும், கண் முன்னே ஒரு நாட்டை இழந்தவர் அவர்தான்.

ஒரு பெண் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். "எங்கடை பிள்ளையள் ஜாம் போத்தலோடை கண்ணைக் கசக்கிக்கொண்டு படிக்கேக்கை நீங்கள் பரல் கணக்கிலை தாட்டு வைச்சிருந்தனீங்கள். என்ன?"

"ஓம்," என்றார் அக்கா.

அவ்வளவுதான். நான் காத்துக்கொண்டிருந்தேன். அவரின் சொல் ஒன்று இருந்தது. வாழ்நாள் முழுவதும் சொன்ன சொல். அந்த நேரத்தில் அது உண்மையாகவும் இருந்தது, அவரைக் காப்பாற்றவும் கூடியது. எனக்குத் தெரியாது என்று அவர் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தப் பெண் இன்னும் ஏதாவது கேட்பாளா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவளுக்குத் தெரியாது." குரல் பின்னாலிருந்து வந்தது. புருஷன் பூவரச வேலியோடு நின்றிருந்தார். அவர் அங்கே வந்ததை நாங்கள் காணவில்லை. "நான்தான். கேக்கிறதை என்னட்டைக் கேளுங்கோ."

கேட்டார்கள். நிறையக் கேட்டார்கள். அவற்றை எழுதத் தேவையில்லை. கிராம அலுவலரான விதானையார் வந்தார், இன்னும் சிலர் வந்தார்கள், அக்காவின் புருஷன் இரண்டு தரம் போய் விளக்கம் சொல்லிவிட்டு வந்தார். ஒழுங்கையில் சிலர் கடைசிவரை அவர்களோடு கதைக்கவில்லை.

மிஞ்சிய மண்ணெண்ணெயை என்ன செய்வது என்பதில் மட்டும் ஒழுங்கை ஒரு நாள் முழுவதும் சண்டை பிடித்தது. வீட்டுக்கு ஒரு போத்தல் பிரிக்கவேண்டும் என்றவர்கள்தான் அதிகம். அக்கா மனேச்சரின் வளவுக்குப் போனார்.

"ஐயா, உங்கடை இறைக்கிற மிசின் இன்னும் ஓடுமோ?"

"ஓடும். எண்ணெய் இருந்தால்," என்றார் மனேச்சர். சொன்ன பிறகு, அந்த நாட்களில் முதல் தரமாக, அவருக்குச் சிரிப்பு வந்தது.

அப்படித்தான் கிணற்றைக் கெடுத்த எண்ணெயாலேயே கிணற்றை இறைத்தோம். சாக்கை உதறிவிட்டு மிசினை இறக்கி, கிணற்றுக் கட்டோடு வைத்து முடுக்கியபோது, எத்தனையோ காலம் கேட்காத அந்தச் சத்தத்துக்கு ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்தார்கள். தண்ணீரைத் தோட்டங்களுக்கு விடாமல், கிடங்கு வெட்டிக் கடலேரிப் பக்கம் இருந்த வெறுந்தரையில் விட்டோம். வாழைக்குப் பின்னால் இருந்த மண்ணை எண்ணெய் மணம் போகும்வரை கிண்டி அள்ளினார் புருஷன். குழி ஆளுயரத்துக்குப் போயிற்று. கிணறு ஊற ஊற இறைத்தோம். அடிச் சேற்றை வாளி வாளியாக ஏற்றி, சுண்ணாம்பு போட்டோம். மிசின் இருமி நின்றபோது பரலும் காலி. பிறகு மாரி வந்து கிணறு கட்டுமட்டும் நிரம்பியது. அதைத் துலாவால் மறுபடி இறைத்தோம். படலம் போய்விட்டது. எனக்கு மணம் தெரியவில்லை. மனேச்சருக்கும் தெரியவில்லை. தகரத்தையும் பூட்டையும் அவரே கழற்றினார்.

"இனிக் குடிக்கலாமோ?" எல்லோரும் கேட்டார்கள். என்னிடமும் கேட்டார்கள். அதைச் சோதிக்க எனக்குக் கருவியும் இல்லை, இரசாயனமும் இல்லை. மனேச்சரிடம் கேட்டார்கள், அவர் ஒரு பதிலைத் தொடங்கிவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"தெரியாது," என்றார் அக்கா. ஒரு குடம் அள்ளிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து அவர் அந்தத் தண்ணீரை மட்டுமே குடித்தார். புருஷனும் அதையே குடித்தார்; அவரை யாரும் கேட்கவில்லை, தானாகவே. நாங்கள் பள்ளிக்கூடக் கிணற்றுக்கு நடந்துகொண்டே, போகும்போதும் வரும்போதும் அவர்களின் வளவை எட்டிப் பார்த்தோம். அக்கா முற்றம் கூட்டினார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். தைப்பொங்கலுக்குப் பானை வைத்தார். படலையால் யாராவது தலையை நீட்டி "என்ன மாதிரி?" என்று கேட்டால், "இண்டைக்கு ஒண்டுமில்லை" என்பார்.

மாசி மாதத்தில் ஒரு காலை, கடைசி வீட்டுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெறும் குடத்துடன் அவரிடம் வந்தாள். நான் எங்கள் பக்கத்து வேலியடியில் நின்றேன்.

"அக்கா, ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. இவனுக்குக் குடுக்கலாமோ?"

அக்கா குழந்தையைப் பார்த்தார்.

"நான் குடிச்சனான். எனக்கு ஒண்டும் செய்யேல்லை. அவருக்கும் ஒண்டும் செய்யேல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்," என்றார். "அவன் சின்னப்பிள்ளை. மிச்சத்தை நீதான் யோசிக்க வேணும்."

அந்தப் பெண் குழந்தையை அவரின் கையில் கொடுத்தாள். மனேச்சரின் வளவுக்குள் போனாள். துலா கிறீச்சிட்டுக்கொண்டு இறங்குவது கேட்டது.

அன்று பின்னேரம் எங்கள் வீட்டிலும் அந்தக் கிணற்றில்தான் அள்ளினோம்.